மண் கொட்டும் முன்: செபராங் பிறை ஆலய நிர்வாகங்களுக்கும் தமிழ்ப்பள்ளி வாரியங்களுக்கும் ஒரு திறந்த மடல்

பினாங்கின் பெருநிலப் பகுதியில் மண்டபமோ, இராஜகோபுரமோ, வகுப்பறைக் கட்டடமோ எழுப்பத் திட்டமிட்டிருக்கும் ஆலய நிர்வாகக் குழுவினருக்கும், பள்ளி மேலாளர் வாரியத்தினருக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் வணக்கம்.

மண் ஆய்விலும் அடித்தளப் பணியிலும் இருப்பவர்கள் நாங்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். உங்கள் நிலத்தில் முதல் லோரி மண் இறங்குவதற்கு முன்பே, அடியில் கிடக்கும் களிமண்ணின் வெட்டு வலிமையை (மண் அறுந்து சரியாமல் தாங்கும் திறனை) நேரடியாக அளந்து எழுதிய அறிக்கை உங்கள் கையில் இருக்கவேண்டும். "போர் போட்டாச்சு, பைல் எத்தனை மீட்டர் போகணும்னு தெரிஞ்சாச்சு" என்பது அந்த அறிக்கை ஆகாது. (போர், போர்ஹோல் என்பது மண்ணை அறிய இடும் ஆழ்துளை; பைல் என்பது கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்.) ஏன் ஆகாது, எதை எப்படி அளக்கவேண்டும், அளக்கும்போது எங்கே பிழை வருகிறது, வந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். உண்டியல் காசும் வீடு வீடாகப் போய்த் திரட்டிய நன்கொடையும்தான் இந்தக் கட்டடங்களாகின்றன. ஆகவே பொருளாளரும் செயலாளரும் இதைப் படித்துப் புரிந்துகொள்வது நல்லது. பொறியாளரிடம் எந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்பதாவது தெரிந்திருக்கவேண்டும்.

பட்டர்வொர்த், பிறை, ஜூரு, சிம்பாங் அம்பாட், பத்து காவான், நிபோங் தெபால் என்று நீளும் கடலோரத் தாழ்நிலத்தின் அடியில் இருப்பது கடல் களிமண். கடைசிப் பனியுகம் முடிந்து கடல்மட்டம் ஏறியபோது படிந்தது. நிலவியலார் இதைக் குலா படிவம் என்பார்கள். சில ஆயிரம் ஆண்டு வயதுதான்; மண்ணின் கணக்கில் அது பச்சைப் பிள்ளை. சாம்பல் நிறம், சில இடங்களில் பச்சை கலந்த சாம்பல். நடுநடுவே சிப்பி ஓடுகளும் மக்கிய பாக்காவ் (அலையாத்தி மர) வேர்களும் கிடைக்கும். காய வைத்து எடுத்த 100 கிராம் மண்ணுக்கு 80 கிராம் நீர் என்ற அளவில் ஈரம் இருப்பது இங்கே சாதாரணம். பல இடங்களில் 10 மீட்டருக்கும் மேல் கனமாகக் கிடக்கிறது.

ஆளை ஏமாற்றுவது அதன் மேலோடு. வெயிலில் காய்ந்து, நீர்மட்டம் ஏறி இறங்கி இறுகிய 1 அல்லது 2 மீட்டர் கனம். அதன்மேல் நடக்கலாம், கார் நிறுத்தலாம், சிறிய கொட்டகை போடலாம், ஒன்றும் ஆகாது. அதைப் பார்த்துவிட்டுத்தான் "நம்ம நிலம் கெட்டி" என்று சொல்லிவிடுகிறார்கள். மேலோட்டைத் தாண்டி ஒரு மீட்டர் இறங்கி, ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் பிதுங்கி வெளியே வந்தால் அது 'மிக மென்மையான' களிமண். வெட்டு வலிமை 20 கிலோபாஸ்கலுக்குக் கீழே. 20 முதல் 40 வரை 'மென்மையானது'. நம் பகுதியில் மேலோட்டுக்குச் சற்றுக் கீழே 10ஐ ஒட்டிய எண்கள் வருவது புதிதல்ல. 10 கிலோபாஸ்கல் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டன். ஒரு மீட்டர் உயரத்துக்குக் கொட்டிய செம்மண்ணின் எடையோ சதுர மீட்டருக்குச் சுமார் 1.8 டன். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நாங்கள் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பது தெரியும்.

(கோலாலம்பூர் நகருக்கு அடியில் கடல் களிமண் இல்லை. ஆனால் பழைய ஈயக்குட்டைகளை மூடிய நிலங்களில், சுரங்கக் கழிவுச் சேறு பைபையாகப் புதைந்து கிடக்கும். அது இதைவிடவும் மென்மையாக இருக்கக்கூடும். கீழே எழுதியிருப்பது பெரும்பாலும் அங்கேயும் பொருந்தும்.)

வழக்கமாக என்ன நடக்கிறது? பைல் குத்தகையாளருக்காக இரண்டு போர்ஹோல் போடுகிறார்கள். ஒவ்வொரு ஒன்றரை மீட்டருக்கும் எஸ்.பி.டி. எனும் சுத்தியலடி ஊடுருவல் சோதனை. 63.5 கிலோ சுத்தியலை 760 மி.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 450 மி.மீ. இறங்க எத்தனை அடி வேண்டும் என்று எண்ணுவார்கள். முதல் 150 மி.மீ. கணக்கில் சேராது, மீதி 300 மி.மீ.க்கான அடிகளே 'என்' மதிப்பு. மணலுக்கும் கெட்டி மண்ணுக்கும் இது நல்ல சோதனை. நம் களிமண்ணில் அந்தச் சுத்தியலை வைத்ததுமே, சில வேளைகளில் கம்பியின் எடைக்கே, குழாய் தானாக இறங்கிவிடும். அறிக்கையில் முதல் 10 மீட்டருக்கு 0, 0, 0, 1, 0 என்று வரிசையாக இருக்கும்.

இந்தப் பூஜ்யம் எந்த வலிமையையும் சொல்லவில்லை. 6 கிலோபாஸ்கல் மண்ணுக்கும் பூஜ்யம், 15 கிலோபாஸ்கல் மண்ணுக்கும் பூஜ்யம். முதலாவதில் ஒரு மீட்டர் மண் கொட்டவே யோசிக்கவேண்டும். இரண்டாவதில் இரண்டு மீட்டர் கொட்டலாம். வலிமையில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் உள்ள இரண்டு நிலங்கள் ஒரே அறிக்கையில் ஒரே எண்ணாகத் தெரிகின்றன. 'என்' மதிப்பை 5ஆல் பெருக்கி வலிமை என்று எழுதும் வழக்கமும் உண்டு. பூஜ்யத்தை எதனால் பெருக்கி என்ன பயன்?

சிறிய கட்டடம் என்றால் மக்கிந்தோஷ் புரோப் அல்லது ஜே.கே.ஆர். (பொதுப்பணித் துறை) புரோப் எனும் துருவுகம்பி போதும் என்பார்கள். 5 கிலோ சுத்தியல், 280 மி.மீ. வீழ்ச்சி, ஒவ்வொரு 300 மி.மீ.க்கும் எத்தனை அடி என்ற கணக்கு. மென்மண் எங்கே முடிகிறது, நிலத்தின் எந்த மூலையில் கனம் அதிகம் என்பதை மலிவாகத் தேடிப்பிடிக்க அது உதவும். அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் போகப்போகக் களிமண் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். அந்த உராய்வு அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும். முனையில் இருக்கும் மண் அப்படியேதான் இருக்கும்.

நேரடியாக அளக்கும் கருவி வேன் ஷியர். ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும் நான்கு மெல்லிய எஃகு இறக்கைகள், நடுவில் ஒரு தண்டு. உயரம் அகலத்தைப்போல் இரு மடங்கு இருக்கும். 65 மி.மீ. அகலம் 130 மி.மீ. உயரம், அல்லது 75க்கு 150. மண்ணுக்குள் அழுத்தி இறக்கி மெதுவாகத் திருகினால், இறக்கைகளைச் சுற்றி ஓர் உருளை வடிவில் மண் அறுபடும். அறுபடும் கணத்தில் இருந்த முறுக்குவிசையிலிருந்து வலிமையைக் கணக்கிடுவார்கள். 65 மி.மீ. இறக்கையில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: நியூட்டன் மீட்டரில் வரும் முறுக்குவிசையும் கிலோபாஸ்கலில் வரும் வலிமையும் ஏறக்குறைய ஒரே எண். 14 நியூட்டன் மீட்டரில் அறுபட்டால் வலிமை சுமார் 14 கிலோபாஸ்கல். 75 மி.மீ. இறக்கை என்றால் முறுக்குவிசையை 1.55ஆல் வகுக்கவேண்டும். அறிக்கையில் இறக்கையின் அளவு எழுதப்படவில்லை என்றால், அந்த எண்ணை நீங்கள் சரிபார்க்க வழியே இல்லை, எழுதச் சொல்லுங்கள்.

செய்முறையில்தான் எல்லாம் இருக்கிறது. துளையின் அடிமண் ஏற்கெனவே கலங்கிப்போனது. ஆகவே துளையின் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது அதற்குக் கீழே இறக்கையை அழுத்தவேண்டும், 100 மி.மீ. துளை என்றால் குறைந்தது 300, நாங்கள் 500 மி.மீ. கேட்போம். சுத்தியலால் அடிக்கவே கூடாது. துளைக்குள் நீர் எப்போதும் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் குறையாமல் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் அடிமண் மேலே பொங்கி வந்து வலிமையைக் குறைத்துக் காட்டும். இறக்கை ஆழத்தை அடைந்ததும் 5 நிமிடத்துக்குள் திருகத் தொடங்கவேண்டும். திருகும் வேகம் நிமிடத்துக்கு 6 முதல் 12 பாகை. 6 பாகை என்பது கடிகாரத்தின் நிமிட முள் நகரும் வேகம். பல்சக்கரப் பெட்டி வைத்த கைப்பிடி இல்லாமல் அந்த நிதானம் யாருக்கும் வராது. 15 விநாடிக்கு ஒருமுறை அளவைக் குறிக்கவேண்டும். உச்சம் தொட்டு இறங்கிய பிறகு, இறக்கையை வேகமாக 10 முழுச் சுற்றுச் சுற்றி மண்ணைக் குழப்பிவிட்டு, உடனே மறுபடி அளக்கவேண்டும். முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்தால் கிடைப்பது அந்த மண்ணின் உணர்திறன்.

இந்த இரண்டாவது அளவை நேரம் மிச்சம் பிடிக்க விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. 12 கிலோபாஸ்கல் களிமண் குழம்பிய பிறகு 3 கிலோபாஸ்கல் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், உணர்திறன் 4. இந்த மண்ணில் எக்ஸ்கவேட்டர் சங்கிலி இரண்டு முறை ஏறி இறங்கினாலே மிஞ்சுவது சேறுதான். மேலோட்டைத் தோண்டி எறியாதீர்கள் என்று பொறியாளர் சொன்னால் காரணம் இதுவே. புல்லையும் வேரையும் வெட்டி எடுத்துவிட்டு, ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, மேலோட்டின் மீதே மண் பரப்புவதுதான் முறை. உங்கள் நிலத்தில் மிச்சமிருக்கும் ஒரே கெட்டிப் படலம் அது.

இனி, எண் எங்கே பொய்க்கிறது என்று சொல்கிறோம். பல்சக்கரம் இல்லாமல் ஸ்பேனரால் திருகினால் வேகம் கூடும், வலிமையும் கூடித் தெரியும். இறக்கையை இறக்கிவிட்டு மதிய உணவுக்குப் போய்வந்து திருகினால், அதற்குள் சுற்றியுள்ள மண் நீரை இழந்து இறுகியிருக்கும், மறுபடியும் கூடும். கம்பியின் உராய்வைத் தனியாக அளந்து கழிக்காவிட்டால் இன்னும் கூடும். சிப்பி ஓட்டிலோ வேரிலோ இறக்கை மாட்டினால் திடீரென்று 30, 35 என்று ஓர் எண் வரும். மேலும் கீழும் 11, 12 என்றிருக்க நடுவில் ஒன்று மட்டும் இப்படித் தனித்து நின்றால் அதைச் சராசரியில் சேர்க்கக்கூடாது. வளைந்த இறக்கையும், ஓராண்டுக்கு மேல் அளவுத் திருத்தம் செய்யாத முறுக்குமானியும் தனிக் கதை. ஒன்றைக் கவனியுங்கள்: கலங்கிய மண்ணைத் தவிர மேலே சொன்ன பிழைகள் பெரும்பாலும் வலிமையைக் கூட்டியே காட்டுகின்றன. அலட்சியமாகச் செய்த சோதனை உங்களை ஆபத்தின் பக்கம்தான் தள்ளும்.

சரியாக அளந்த எண்ணையும் அப்படியே பயன்படுத்த முடியாது. களத்தில் ஐந்து நிமிடத்தில் அறுக்கப்படும் மண், கட்டுமானத்தில் வாரக்கணக்கில் சுமை தாங்குகிறது. மெதுவான சுமைக்கு அதன் தாக்குப்பிடிப்பு குறைவு. நார்வேயில் பணியாற்றிய அறிஞர் பியெரும் என்பவர், சரிந்துபோன கரைகளைத் திரும்பக் கணக்கிட்டுப் பார்த்து 1972இல் ஒரு திருத்தக் காரணியை முன்வைத்தார். மண்ணின் நெகிழ்வு எண்ணை (எவ்வளவு ஈர வேறுபாடு வரை மண் பிசையும் பதத்தில் இருக்கும் என்பதைக் காட்டும் எண்ணை) பொறுத்தது அது. நெகிழ்வு எண் 20 என்றால் திருத்தம் இல்லை. 60 என்றால் சுமார் 0.74ஆல் பெருக்கவேண்டும். நம் கடல் களிமண்ணில் 50, 60 சர்வசாதாரணம்.

ஓர் எண்ணைக் கடைசிவரை பின்தொடர்வோம். முறுக்குமானி காட்டியது 14. கம்பியின் உராய்வு 2 என்று அளந்து கழித்தால் 12. நெகிழ்வு எண் 60க்கான திருத்தம் போட்டால் 9. கையில் மிஞ்சுவது 9 கிலோபாஸ்கல். இதன்மேல் எவ்வளவு உயரம் மண் கொட்டலாம்? அகன்ற மண்மேட்டுக்கான எளிய கணக்கு, 5.14ஐ வலிமையால் பெருக்கி கொட்டும் மண்ணின் எடையான 18ஆல் (கன மீட்டருக்குக் கிலோநியூட்டனில்) வகுப்பது. 9 கிலோபாஸ்கலுக்கு 2.6 மீட்டர் வரும்; அது சரியும் உயரம். பாதுகாப்புக் காரணி 1.5 வைத்தால் 1.7 மீட்டர். திருத்தாத 14ஐப் போட்டவர் 2.7 மீட்டர் வரை போகலாம் என்று எழுதித் தருவார். அதாவது, பாதுகாப்பானது என்று அவர் எழுதிய உயரம் சரியும் உயரத்தையே தாண்டிவிட்டது. இது முதல்கட்டக் கணக்குதான். உங்கள் பொறியாளர் ஒவ்வோர் அடுக்குக்கும் தனி வலிமை போட்டு விரிவாகச் செய்வார். ஆனால் அவர் போடும் எண் 14ஆ 9ஆ என்பதைச் சோதனைதான் தீர்மானிக்கிறது.

கணக்குக்கும் ஓர் அடக்கம் வேண்டும். 1980களின் இறுதியில் மலேசிய நெடுஞ்சாலை வாரியம் ஜொகூர் மூவாரில், இதே வகைக் கடல் களிமண்ணின்மேல் சோதனைக் கரைகள் கட்டியது. அவற்றில் ஒன்றைச் சரியும்வரை உயர்த்தினார்கள். எந்த உயரத்தில் சரியும் என்று பல நாட்டு நிபுணர்களிடம் முன்கூட்டியே கேட்டும் வைத்தார்கள். கொட்டிய மண்ணின் கனம் 5.4 மீட்டரை எட்டியபோது அது சரிந்தது. நிபுணர்கள் சொன்ன உயரங்களோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அவ்வளவு சோதனை செய்த இடத்திலேயே இந்த நிலை என்றால், ஒரு சோதனையும் இல்லாத இடத்தில் யாரும் உறுதியாகப் பேசமுடியாது.

கூம்புச் சோதனை பற்றியும் சொல்லவேண்டும். 10 சதுர செ.மீ. முகப்புள்ள கூம்பை விநாடிக்கு 20 மி.மீ. வேகத்தில் இடைவிடாமல் அழுத்தி, முனை எதிர்ப்பையும் மண்ணிடை நீரழுத்தத்தையும் பதிவு செய்வது. இடையில் ஒளிந்திருக்கும் 10 செ.மீ. மணல் அடுக்கைக்கூட இது காட்டிக்கொடுக்கும். களிமண் எவ்வளவு விரைவாக நீரை வெளியேற்றும் என்பது அந்த அடுக்குகளைப் பொறுத்தது. ஆனால் வலிமைக்கு இதைத் தனியாக நம்பவேண்டாம். 6 மீட்டர் ஆழத்தில் முனை எதிர்ப்பு 250 கிலோபாஸ்கல், மேல்மண்ணின் பாரம் 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 160, அதை 13 என்ற காரணியால் வகுத்தால் வலிமை 12. கெட்டி மண்ணுக்காகச் செய்த கூம்பு 50,000 கிலோபாஸ்கல் வரை அளக்கும். அதில் 50 கிலோபாஸ்கல் பிசகு என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. கருவிக்கு அது ஒன்றுமே இல்லை. நம் களிமண்ணிலோ அது வலிமையை 4 கிலோபாஸ்கல் மாற்றிவிடும், மூன்றில் ஒரு பங்கு. ஆகவே ஒவ்வோர் அழுத்தலுக்கும் முன்னும் பின்னும் எடுத்த பூஜ்ய அளவுகளை அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த 13 என்ற காரணியையும் உங்கள் நிலத்திலேயே எடுத்த வேன் ஷியர் எண்ணோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். வேறு ஊர் அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டக்கூடாது.

ஆய்வுக்கூடத்துக்குப் போகும் மாதிரிமண் விஷயத்தில் எங்களுக்கு அதிகக் கவலை. மென்களிமண்ணைக் கலங்காமல் எடுப்பது கைத்திறன். மெல்லிய சுவருள்ள பிஸ்டன் குழாய் வேண்டும், 75 மி.மீ. விட்டமாவது, எஃகின் கனத்தால் விலகும் மண் 10 விழுக்காட்டை ஒட்டி. ஒரே மூச்சில், நிறுத்தாமல் அழுத்தவேண்டும். பிறகு சில நிமிடம் அப்படியே விட்டு, மண் குழாயோடு ஒட்டியதும் மெதுவாகத் திருகி அறுத்து எடுக்கவேண்டும். இரு முனையிலும் கலங்கிய மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, மெழுகைச் சூடு ஆறவைத்து மெல்லிய படலங்களாக ஊற்றி மூடவேண்டும்; கொதிக்கும் மெழுகை ஒரேயடியாக ஊற்றினால் அது சுருங்கி ஓரத்தில் இடைவெளி விடும், ஈரம் அவ்வழியே போய்விடும். மேல் எது கீழ் எது என்று குறித்து, நிமிர்த்தியபடியே பஞ்சுமெத்தைப் பெட்டியில் வைத்து அனுப்பவேண்டும். வெயிலில் லோரியின் பின்தட்டில் படுக்கப்போட்டு உருட்டிக்கொண்டு போன குழாயில் இருப்பது உங்கள் நிலத்தின் மண்தான். ஆனால் உங்கள் நிலத்தின் வலிமை அதில் இல்லை. ஆய்வுக்கூடத்தில் மண்ணை வெளியே தள்ளும்போதும் அது குழாய்க்குள் நுழைந்த திசையிலேயே தள்ளவேண்டும். எதிர்த்திசையில் தள்ளினால் ஏற்கெனவே உராய்ந்த விளிம்பு மறுபடி உராய்ந்து கலங்கும்.

மாதிரி கெட்டதா நல்லதா என்று எண்ணாலேயே அறியலாம். ஒடோமீட்டர் எனும் மண் அமுக்கக் கருவியில் வைத்து, நிலத்தில் அது தாங்கியிருந்த அழுத்தத்தைத் திரும்பக் கொடுக்கும்போது எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பார்கள். வெற்றிட விகிதத்தில் (மண்துகள்களின் பருமனுக்கு இடைவெளிகளின் பருமன் எவ்வளவு என்ற விகிதத்தில்) ஏற்படும் மாற்றத்தைத் தொடக்க விகிதத்தால் வகுத்தால் 0.04க்குள் வந்தால் மிக நல்ல மாதிரி, 0.07வரை பரவாயில்லை, 0.14ஐத் தாண்டினால் அந்தக் குழாயின் முடிவுகளை ஒதுக்கிவிடலாம். கேட்டால் எந்த ஆய்வுக்கூடமும் இதைக் கணக்கிட்டுத் தரும். கேட்பவர்தான் இல்லை. விரைவு மூவச்சு அழுத்தச் சோதனை (உருளை மாதிரியைச் சுற்றிலும் அழுத்தி மேலிருந்து நசுக்குவது) என்று ஒன்று செய்து வலிமை எழுதுவார்கள். அதில் மாதிரி கலங்கியதால் எண் குறையும், வேகமாக அழுத்துவதால் எண் கூடும். இரண்டு பிழையும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டால் அது தற்செயல். 10 கிலோபாஸ்கலுக்குக் கீழே உள்ள மண்ணில், மாதிரியைச் சுற்றிய ரப்பர் உறையின் விறைப்பே எண்ணைக் கூட்டிவிடும். அதற்கான திருத்தம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சரியாமல் நின்றாலும் நிலம் அமுங்கும். 10 மீட்டர் களிமண்ணின்மேல் 1.5 மீட்டர் மண் கொட்டினால், நம் மண்ணுக்கு வழக்கமாக வரும் எண்களை வைத்துப் பார்த்தால், காலப்போக்கில் 60 செ.மீ. அளவுக்கு இறங்கும். மேலும் கீழும் நீர் வெளியேற வழியிருந்தாலும் அதில் 90 விழுக்காடு முடிய 14 ஆண்டுகள் போல ஆகும். பைல்மேல் நிற்கும் கருவறை அசையாது. மண்மேல் நேரடியாகத் தளம் போட்ட மண்டபமும் பிரகாரமும் இறங்கும். நுழைவாயிலில் புதிதாக ஒரு படி முளைக்கும். அபிஷேக நீர் போகும் குழாய் கோமுகிக்கு வெளியே ஒடிந்து, நீர் அடித்தளத்துக்குள்ளேயே ஊறும். வடிகால் தன் சரிவை இழந்து பின்னோக்கி ஓடும். பள்ளியில் என்றால் கழிவறைக் குழாய் இணைப்புகள்தாம் முதலில் போகும். இதை வாஸ்துக் குறை என்றும் சிமெண்ட் குறை என்றும் பேசிக்கொண்டிருப்பார்கள். அடியில் களிமண் தன் நீரை இழந்துகொண்டிருக்கும்.

பைல் இருந்தால் கவலை இல்லை என்பதும் சரியல்ல. அமுங்கும் களிமண் பைலைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. 200 மி.மீ. சதுரப் பைலுக்கு 10 மீட்டர் களிமண்ணில், வலிமை 12 என்று வைத்தால், இந்த இழுவை மட்டும் 10 டன் அளவுக்கு வரும். களிமண் இறுக இறுக அது கூடவும் செய்யும். கோபுரத்தின் எடையோடு அதையும் பைல் தாங்கவேண்டும். 6 மீட்டர் பாக்காவ் கழிகளை 10 மீட்டர் களிமண்ணில் அடித்துவிட்டுப் பைல் போட்டதாகக் கணக்குக் காட்டுபவர்களும் உண்டு. கழியின் முனைக்குக் கீழே இன்னும் 4 மீட்டர் களிமண் இருக்கிறது. கழியும் அதோடு சேர்ந்து இறங்கும்.

வேலை நடக்கும்போது செய்யும் ஒரு தவறை மட்டும் தனியாகச் சொல்கிறோம், ஏனென்றால் இதை நிர்வாகக் குழுவே தடுக்கலாம். மண் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரே நாளில் முப்பது லோரி வரவழைத்து, நிலத்தின் ஒரு மூலையில் 3 மீட்டர் குவித்து வைப்பார்கள். மேலே பார்த்த கணக்கில் சரியும் உயரமே 2.6 மீட்டர். அந்தக் குவியல் களிமண்ணைப் பக்கவாட்டில் தள்ளும். அடித்து முடித்த பைல்கள் சாயும், பக்கத்து வீட்டு மதில் வெடிக்கும், வடிகால் ஓரமாக இருந்தால் கரையோடு போய்விடும். பைல் தலைக்காகக் குழி தோண்டி, தோண்டிய மண்ணை அதன் விளிம்பிலேயே போடுவதும் இதே ஆபத்துதான். மண்ணை 30 செ.மீ. அடுக்குகளாக நிலம் முழுதும் பரப்பவேண்டும். குழி மண்ணை உடனே அப்புறப்படுத்தவேண்டும்.

கும்பாபிஷேகத் தேதியை முன்பே குறித்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி மண் வேலைக்கு நாள் ஒதுக்காதீர்கள். இதைப் பணிவோடும் உறுதியோடும் கேட்டுக்கொள்கிறோம். களிமண்ணுக்கு அவகாசம் கொடுத்தால் அது தானாகவே வலுவடையும். செங்குத்து வடிகால் பட்டைகளை ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இறக்கி, மண்ணைக் கட்டம் கட்டமாக ஏற்றி, கொஞ்சம் அதிகப்படி மண்ணையும் வைத்து அழுத்தினால், 14 ஆண்டு வேலையைச் சில மாதங்களில் முடிக்கலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் மறுபடி வேன் ஷியர் செய்து, வலிமை உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த கட்டம். அப்போது 9 என்ற எண் 13, 14 ஆகும். இந்த முறை அது உண்மையான 14.

விலைப்புள்ளி கேட்கும்போது 'மண் ஆய்வு, ஒரு தொகை' என்று ஒற்றை வரியில் கேட்காதீர்கள். ஓர் ஏக்கர் அளவு நிலத்துக்கு எங்கள் பரிந்துரை: மூன்று போர்ஹோல்கள், மூன்று இடங்களிலாவது மேலோட்டுக்குக் கீழிருந்து மென்மண் முடியும்வரை ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு வேன் ஷியர், உச்ச வலிமையும் குழம்பிய வலிமையும் சேர்த்து, இரண்டு கூம்புச் சோதனை, களிமண்ணின் மேல், நடு, அடி என மூன்று ஆழத்திலாவது பிஸ்டன் மாதிரிகள், அவற்றில் ஈரம், திரவ எல்லை, நெகிழ்வு எண், கரிமப் பொருள் அளவு, ஒடோமீட்டர். கோபுரம் வரும் இடத்தில் ஒரு போர்ஹோலும் ஒரு வேன் ஷியர் வரிசையும் கட்டாயம். ஆய்வு எம்.எஸ். 2038 என்ற மலேசியத் தரநிலைப்படி நடக்கவேண்டும், ஆய்வுக்கூடம் சாம் (மலேசிய ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்றிருக்கவேண்டும், களத்தில் முழுநேரமும் ஒரு மேற்பார்வையாளர் நிற்கவேண்டும் என்று எழுத்தில் போடுங்கள். குழு உறுப்பினர் ஒருவரும் ஒரு நாள் போய் நின்று பாருங்கள். திருகும் கை நிமிட முள்ளின் வேகத்தில் நகர்கிறதா என்று பார்க்க ஒரு கைக்கடிகாரம் போதும்.

மண் ஏற்றத் தொடங்கியதும் நிலத்தில் ஆறு இடத்திலாவது அமுக்கத் தட்டுகள் பதியுங்கள். ஓர் எஃகுத் தட்டும் அதில் பற்றவைத்த கம்பியும்தான் அது. களிமண்ணுக்கு வெளியே, அமுங்காத இடத்தில் ஒரு நிலைக்குறி இருக்கவேண்டும். அதிலிருந்து வாரம் ஒருமுறை, மண் ஏற்றும் நாட்களில் தினமும், கம்பியின் தலை மட்டத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதவேண்டும். மேட்டின் ஓரத்தில் வரிசையாக மரக்கட்டைகள் நட்டு, அவை வெளிப்பக்கமாக நகர்கின்றனவா என்பதையும் குறியுங்கள். இறக்கம் திடீரென்று விரைந்தாலோ, ஓரக் கட்டைகள் வெளியே நகர ஆரம்பித்தாலோ அன்றே லோரிகளை நிறுத்திவிட்டுப் பொறியாளரை அழையுங்கள். அந்த நோட்டு குத்தகையாளரிடம் இருக்கவேண்டாம், செயலாளரிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மண் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பொறியாளர்களும் களப் பணியாளர்களும்,
செபராங் பிறை, பினாங்கு